நாலு தேசத்துச் சமஷ்டியும் மூன்று கையெழுத்தும்

தனக்கே விளங்காததை ஊருக்கு விளக்கிச் சம்பளம் வாங்குவதுதான் பிரசங்கி உத்தியோகம். உங்களில் யாராவது கூட்டத்துக்கு முன்னால் நின்று வாயைத் திறந்துவிட்டு, எப்படி மூடுவது என்று தெரியாமல் தவித்திருந்தால் இதைப் படியுங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

நாலு துணிப்படம்

மதராஸ் மாகாணத்தில் 1935-ஆம் வருஷத்துப் புதுச் சட்டம் வந்த சமயம். மாகாணங்களும் சமஸ்தானங்களும் சேர்ந்து சமஷ்டி ஆகப்போகின்றன என்று எங்கும் பேச்சு. இப்போது கூட்டாட்சி என்கிறீர்களே, அதுதான். மற்ற தேசங்களில் இது எப்படி நடக்கிறது என்று ஊர் ஊராகப் போய் ஒப்பிட்டுச் சொல்ல, சித்தூரில் ஓர் ஆபீஸ் என்னை மூன்று மாதத்துக்குத் தற்காலிகமாக எடுத்தது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, சுவிட்சர்லாந்து என்று நாலு துணிப்படம் கொடுத்தார்கள். அமெரிக்காவில் மூன்று ராஜ்யங்களைக் கரையான் தின்றிருந்தது.

மூன்று இடத்தில் ஊர் அதிகாரி ஒருவரிடம் 'விளங்கியது' என்று கையெழுத்து வாங்கிவந்தால் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால்தான் புத்தூரிலிருந்த என் மாமனார் பெண்ணை அனுப்புவார். தாலி கட்டி எட்டு மாதமாகியும் என் சம்சாரம் கன்னியம்மா அப்பன் வீட்டில்தான் இருந்தாள். எனக்குக் கவலை. "சார், நமக்கு வரப்போறது இந்த நாலுல எது?" என்று சூப்பரின்டெண்டைக் கேட்டேன். அவர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். "நாலையும் சொல்லி வையி. எது வந்தாலும் முன்னாலேயே சொன்னோம்னு ஆபீஸுக்குப் பேரு இருக்கட்டும்."

பாகாலாவில் ஆஸ்திரேலியா

பாகாலா, சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவிலுள்ள ரயில் ஜங்ஷன். அங்கே ஆஸ்திரேலியாவை விரித்தேன். எது தலைநகர் என்று சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் சண்டை. ரெண்டு பேருக்கும் வேண்டாமென்று நடுவில் ஆடு மேய்கிற இடத்தில் புது ஊரே கட்டினார்கள் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்க பாகாலா மாதிரின்னு வெச்சுக்கோங்களேன்" என்று ஒரு வார்த்தை கூடுதலாகப் போட்டுவிட்டேன்.

பாகாலாதான் புதுத் தலைநகர் என்று கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. பொழுது சாய்வதற்குள் காலி மனைகளுக்கெல்லாம் முள்வேலி. ஒருவர் ராஜவீதிக்கு வழிவிடத் தம் புளியமரத்தையே வெட்டிச் சாய்த்துவிட்டார். இது பொய்யென்றால் பாகாலாவில் போய்ப் பாருங்கள், இன்றைக்கும் அந்த மரம் அங்கே இல்லை. நான் "ஐயோ, அது உதாரணம்!" என்று கத்தியதெல்லாம் ரயில் சத்தத்தில் போயிற்று. கிராம முனிசீப் நோட்டைத் தாமே பிடுங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, என்னைத் தனியே அழைத்துப் போய்க் கேட்டார். "கலெக்டர் தொரை மாடு வெச்சிக்கினு இருக்காரா? எவ்ளோ பெரிய கொட்டாயா போடணும், அத்தச் சொல்லு."

நகரியில் மிச்ச அதிகாரம்

இன்னும் ரெண்டு கையெழுத்து. நகரியில் எச்சரிக்கையாக உதாரணமே இல்லாமல் பேசினேன். பேசி முடித்ததும் நோட்டை நீட்டினால் முனிசீப், "வரி வசூல், திருட்டுக் கேஸு, ஜனன மரணம், இதுதான் என் வேலை. இது கர்ணம் போடவேண்டியது" என்றார். கர்ணமோ, "நிலக்கணக்குதான் என்னுது. பிரசங்கத்துக்குக் கையெழுத்துன்னு எந்த ஜாபிதாவுலயும் இல்லியே" என்றார். இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்க வேண்டும். எந்த ஜாபிதாவிலும், அதாவது எந்தப் பட்டியலிலும், இல்லாத அதிகாரம் அமெரிக்காவில் கீழே உள்ள ராஜ்யங்களுக்கு, கனடாவில் மேலே உள்ள பெரிய சர்க்காருக்கு என்று விளக்கினேன்.

அவ்வளவுதான், முனிசீப் கனடா ஆகிவிட்டார், கர்ணம் அமெரிக்கா. எவன் மேல், எவன் கீழ் என்று பரம்பரை வரைக்கும் போயிற்று. நடுவில் எனக்கே கனடா எது, அமெரிக்கா எது என்று குழம்பிவிட்டது. ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்த ஊர்த் தலையாரி என் கையிலிருந்த நோட்டை வாங்கினான். "ரெண்டு ஜாபிதாவுலயும் இல்லாத வேலையெல்லாம் இந்த ஊர்ல நான்தாஞ் செய்யறேன் சாமி. மசி குடு, கைநாட்டு வெக்கறேன்."

திருப்பதி ஸ்டேஷனில் சுவிட்சர்லாந்து

கைநாட்டை சூப்பரின்டெண்ட் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "முனிசீப்பா?" என்றார். "அந்த ஊருக்கு எல்லாமே அவர்தான் சார்" என்றேன். பிழைத்தது. பட்டணமானால் ஏதாவது ஒரு சங்கத் தலைவர் போட்டாலே போதும் என்றார். திருப்பதி ஸ்டேஷன் வாசலில் ஏழு ஜட்கா வண்டிக்காரர்கள் சங்கமாக இருந்தார்கள். தலைவனுக்கே முதல் சவாரி என்பது அவர்கள் வழக்கம். மற்ற ஆறு பேருக்கும் அதில் வயிற்றெரிச்சல். நான் போய், சுவிட்சர்லாந்தில் ஏழு பேர் சபை, தலைவர் பதவி வருஷத்துக்கு ஒருவராகச் சுற்றி வரும் என்றேன். ஆறு பேரும் கை தட்டினார்கள்.

வருஷம் ரொம்ப அதிகம் என்று மாதமாக்கினார்கள், பிறகு வாரமாக்கினார்கள், கடைசியில் சவாரிக்கு ஒரு தலைவர் என்று முடிவாயிற்று. ரெண்டு நாள் நோட்டோடு நின்றேன். ஸ்டேஷனில் ஆறு வண்டி இருக்கும், தலைவர் மட்டும் இருக்கமாட்டார். ஒரு வண்டிக்காரர் என்மேல் இரக்கப்பட்டு விளக்கினார். "தலைவரா? அதோ, திருச்சானூருக்குச் சவாரி போய்க்கினு இருக்காரு அய்யவாரே. திரும்பி வந்தார்னா அவரு தலைவர் இல்லே."

புத்தூரில் மாமனார்

மூன்று மாதக் கெடு முடிய மூன்று நாள்தான் பாக்கி. வேறு வழியில்லாமல் புத்தூருக்கே போனேன். அங்கே முனிசீப் என் மாமனார். நாலு படத்தையும் அவர் வீட்டு முற்றத்தில் கட்டி ரெண்டு மணி நேரம் தொண்டை கிழியப் பேசினேன். ஊரார் நல்ல பிள்ளைகள், கொட்டாவியைக் கையால் மறைத்துக்கொண்டார்கள். கூட்டம் கலைந்ததும் மாமனார் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "மாப்பிள்ளே, சேந்தவன் பிரியலாமான்னு கேட்டேன். அமெரிக்காவுல சண்டையாச்சுன்னே. சமஸ்தானம் இஷ்டப்பட்டாத்தான் சேருமாம், மாகாணம் கேக்காமலே சேந்துடுமாம். எனக்கு ஒண்ணும் விளங்கல. விளங்காததுக்கு நான் எப்பிடி கையெழுத்துப் போடுவேன்?" சொந்தப் பெண்ணின் குடித்தனம் அந்தக் கையெழுத்தில் இருக்கிறது, மனுஷன் அசையவில்லை.

உள்ளே இருந்து கன்னியம்மா வந்தாள். "எனக்கு விளங்கிச்சு நைனா. அவங்கவங்க வூட்டுல அவங்கவங்க அடுப்பு. சண்டை, தபாலு, ரயிலு மட்டும் பொதுவுல. அவ்ளோதானே?" மாமனார் அவளையே பார்த்தார், படங்களைப் பார்த்தார், பேனாவைக் கேட்டார். நான் மசியில் தோய்த்தே நீட்டினேன். மறுவாரம் வேலை நிரந்தரமாகி, அவளோடு சித்தூருக்கு ரயில் ஏறினதும், "நாலு தேசத்தையும் ஒரே வார்த்தையில அடக்கிட்டியே, எனக்கே இத்தனை நாளா பிடிபடலியே!" என்றேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் திரும்பினாள். "எனக்கு எங்க விளங்கிச்சு? பதினோரு மாசமா பெட்டி கட்டி வெச்சிக்கினு குந்தினு இருக்கேன். வேற இன்னா சொல்லச் சொல்றீங்க?"

நடுவில் யுத்தம் வந்து, அந்தச் சட்டம் சொன்ன சமஷ்டி கடைசிவரை வரவே இல்லை. வராத ஒன்றை விளக்குகிற வேலையில் நிரந்தரமானவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான்.