சூளை அணைந்த பிறகும் வந்த கரி

பீங்கான் தொழிற்பேட்டையில் சூளையடி வேலை பார்க்கிறவன் மூக்கைச் சிந்தினால் கருப்பாகத்தான் வரும். எங்களுக்கு அதுதான் வருகைப் பதிவேடு. மட்டம் போட்டவன் மூக்கு மட்டும் சுத்தமாக இருக்கும். சாயங்காலம் குழாயடியில் ஈரத்துணியை விரலில் சுற்றி மூக்கைத் துடைத்துக்கொண்டுதான் சைக்கிளை எடுப்போம்.

எனக்குச் சர்க்கரை இருந்தது. மாத்திரையும் இருந்தது, அலமாரியில். உடம்பு நன்றாக இருக்கும்போது மாத்திரை எதற்கு என்பது என் கட்சி. என் மனைவி எதிர்க்கட்சி.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, பொங்கலுக்கு நிறுத்திய சூளையை, பர்னர் பழுது என்று மறுபடி பற்றவைக்கவில்லை. சுடாத பொம்மைகளை அடுக்கி வைத்துவிட்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். அந்தச் சமயத்தில்தான் என் இடது கன்னம் மரத்துப்போனது. பல் கோளாறு என்று கிராம்பை அடக்கிக்கொண்டேன். மூக்கிலிருந்து கருப்புப் பொருக்கு வந்தது. இதற்கெல்லாம் யோசித்தால் எங்கள் பேட்டையில் ஒருவனும் வேலை பார்க்க முடியாது.

என் மனைவி யோசித்தாள். என் துண்டைத் துவைக்கும்போது கேட்டாள்.

"ஏங்க, சூளைய அணைச்சி அஞ்சு நாளாவுது. உங்க மூக்குல மட்டும் எங்கேர்ந்து கரி வருது?"

"பதினெட்டு வருஷத்துக் கரி. உள்ள ஸ்டாக்கு இருக்குது" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. டாக்டரிடம் காட்டிவிட்டு வரலாம் என்று தினமும் சொன்னாள். நான் தினமும் கத்தினேன். ஒரு வாரம் இப்படியே போனது. அதற்கு மறுநாள் காலையில் இடது கண் வீங்கி மூடிக்கொண்டது. இமையைத் தூக்கிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அப்போது பயந்தேன். நன்றாகவே பயந்தேன்.

சேத்தியாத்தோப்பு வழியாகப் போகும் பஸ்ஸில் ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். சர்க்கரை நானூற்றைத் தாண்டியிருந்தது. டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்து, கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். மறுநாள் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். அது கரி இல்லையாம், பூஞ்சையாம். பழைய ரொட்டியில் பூக்கிறதே, அந்த வகை. காற்றில் எல்லோர் மூக்குக்குள்ளும் போய் வருவதுதானாம். சர்க்கரையைக் கவனிக்காத ஆள் கிடைத்தால், அபூர்வமாக, உள்ளேயே குடித்தனம் வைத்துவிடுமாம். கருப்பாக வந்தது செத்துப்போன என் சதை.

"கண்ணை எடுத்தாகணும். விட்டா மூளைக்குப் போயிடும், அப்புறம் ஆளே இருக்க மாட்டாரு" என்றார். பிறகு குரலை உயர்த்தினார். "எத்தனை நாளா இப்படி இருக்குது? ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா கண்ணைக் காப்பாத்தியிருக்கலாமே!"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்.

"சூளைக் கரின்னு நெனச்சி நான்தான் சார் அசால்ட்டா வுட்டுட்டேன்."

டாக்டர் அவளை ஐந்து நிமிடம் திட்டினார். புருஷன் மூக்கில் என்ன வருகிறது என்றுகூடப் பார்க்காமல் வீட்டில் என்ன செய்கிறாய் என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்து, ஆஸ்பத்திரிச் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். என் முகத்தில் இடது பாதிதான் மரத்திருந்தது. வலது பாதி நன்றாக இருந்தது. நாக்கும் நன்றாக இருந்தது. நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண் போன கதையை டீக்கடையில் யார் கேட்டாலும் சொல்வேன், கொஞ்சம் கூட்டியும் சொல்வேன். அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் விட்டுவிடுவேன். வெட்கமாக இருக்கிறது. அவளும் இதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை, என்னிடம்கூட.