விளையாட்டுக்குள் மதினி

வெள்ளைச் சேலையும் மடியில் காக்காவின் லேப்டாப்புமாக மதினி உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. காக்கா என்றால் என் அண்ணன், மதினியின் புருஷன்; நான் அவருக்குத் தங்கச்சி. உச்சிப்புளி தாண்டி பைக்கில் வரும்போது லாரி மோதி மௌத்தாகிப் போனார். புருஷனை இழந்தவள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தா மாதங்கள் அவை. மதினி ஓதி முடித்ததும் கேம் ஆடுவார். வந்த சொந்தக்காரிகள் முகத்தைச் சுளித்தார்கள். சுளிக்கட்டும் என்று நான் அறைக்கதவைச் சாத்திவிடுவேன்.

அது காக்கா செய்த கேம். துபாய் வேலையை உதறிவிட்டு வந்து, கல்லூரிக் கூட்டாளியான கமுதி அண்ணனோடு சேர்ந்து உருவாக்கியது. சுடுவது, வெட்டுவது ஒன்றும் கிடையாது. இரண்டு பையன்கள் கடற்கரையில் படகு கட்டுகிறார்கள். ஒருவன் பாதியில் எங்கோ போய்விடுகிறான். மற்றவன் ஊரெல்லாம் அலைந்து, போனவன் வரைந்து போட்டுவிட்டுப்போன படங்களைப் பொறுக்கிச் சேர்க்கிறான். கடைசிவரை படகு தண்ணீரில் இறங்காது. யார் யாரோ இணையத்தில் பக்கம் பக்கமாக அர்த்தம் எழுதினார்கள். படகு என்றால் கலையாம், போனவன் என்றால் கலைஞனின் பாதி மனசாம்.

மதினிக்கு அந்த அர்த்தமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "கூட்டாளிய வச்சிருக்காக, கடல வச்சிருக்காக, தெரு நாயக்கூட வச்சிருக்காக. என்னய எங்கன வச்சிருக்காக, சொல்லு?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கேமில் பெண்ணே கிடையாது. துபாய்ச் சம்பளம் நின்று ஊரே காக்காவை ஏசியபோது, துணி தைத்து வீட்டை ஓட்டியவர் மதினி. செத்துப்போன மனுஷர் என்றுகூடப் பார்க்காமல் எனக்குக் காக்கா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கேமில் பொழுது சாய்ந்தால் எல்லா வீடும் இருண்டுவிடும். ஒரு வீட்டில் மட்டும் விளக்கு அணையாது. "அது நீங்கதான் மதினி" என்றேன். நானாகச் சொன்னதுதான். ஆனால் சொன்னதும் நானே அதை நம்பிவிட்டேன். அன்றைக்கு மதினி சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அதன்பிறகு தினமும் அந்தப் பையனை அந்த வீட்டு வாசலில் நிறுத்திவைத்துவிட்டு, சும்மா பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஒருநாள் கமுதி அண்ணன் வந்தார். அறைத் திரைக்கு உள்ளிருந்தே மதினி அவரிடம் கேட்டுவிட்டார். "அண்ணே, அந்த ஒரு வீட்டு வெளக்கு மட்டும் ஏன் அணையல?"

அவருக்கு என்ன தெரியும், பாவம். "அதுவா தங்கச்சி? அது நாங்க விட்ட தப்பு. சரிபண்றேன் சரிபண்றேன்னே சொல்லிக்கிட்டிருந்தான், அதுக்குள்ள போயிட்டான்" என்று சொல்லி அழுதார். நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளிருந்து மதினியின் குரல் வந்தது.

"சரிபண்ணிருங்கண்ணே. அவுக வேலையில கொறை இருக்கக் கூடாது."

சரிபண்ணிவிட்டார். இப்போது அந்த ஊரில் எல்லா வீடும் இருட்டு. இத்தா முடிந்து மதினி மறுபடியும் தைக்க உட்கார்ந்துவிட்டார், லேப்டாப்பைத் தொடுவதே இல்லை. போன வாரம் கேமின் இணையப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் கோபமாக எழுதியிருந்தார். இந்த விளையாட்டுக்கு உயிரே அந்த விளக்குதான், அதை அணைத்த பாவி யார் என்று. மறைக்க மனம் வராமல் மதினிக்கு வாசித்துக் காட்டினேன். தையல் மெஷின் நின்றது.

"அணைக்கச் சொன்னது அவுக பொஞ்சாதின்னு எழுதிப் போடு" என்றார். "அப்புடியாச்சும் நானும் அதுல இருந்துட்டுப் போறேன்."