ஹோலிஸுக்குத் தர வேண்டிய பந்து

டெல்மார் ரீகர் எங்கே போனாலும் காரைத் திருப்பி, மூக்கு ரோட்டைப் பார்க்கும்படிதான் நிறுத்துவான். கல்யாணமான முதல் வாரத்திலேயே வெர்னா இதைக் கவனித்துவிட்டாள். மளிகைக் கடை, சர்ச், வாடகை வீடு, அவளுடைய அம்மா வீடு, எங்கும் அப்படித்தான். பித்தப்பை வலியில் சுருண்டு கிடந்தவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்றுகூட, பின்னால் எடுத்து, முன்னால் வந்து, மறுபடி பின்னால் எடுத்து, கார் ரோட்டைப் பார்த்த பிறகுதான் அவள் பக்கக் கதவைத் திறந்தான்.

"இங்கேருந்து எங்கேய்யா ஓடப்போறே?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்?" என்றான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. பதினெட்டு வயதில் நெப்ராஸ்காவின் சர்க்கரை ஆலை ஊர் ஒன்றிலிருந்து பேஸ்பாலில் பந்தெறியக் கிளம்பியவன், பதினைந்து வருடங்களில் பதினோரு அணிகளுக்கு எறிந்துவிட்டான். எந்த அணியும் அவனைத் திட்டி அனுப்பவில்லை. எந்த அணியும் வைத்துக்கொள்ளவும் இல்லை. காலையில் போன் வரும். "உன்ன டுல்சா அணிக்குக் குடுத்துட்டோம். நாளைக்கு ராத்திரிக்குள்ள போய்ச் சேந்துடு." வெர்னா பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றுவாள். அதற்காகவே செய்தித்தாள்களைச் சேர்த்து வைத்திருந்தாள். ஒரு ஊரில் சுற்றிய தாளை அடுத்த ஊரில் பிரிக்கும்போது, தாங்கள் விட்டு வந்த ஊரில் போன மாதம் யார் செத்தார்கள் என்று படிப்பாள். ஒரு குளிர்காலம் வெனிசுவேலாவில் எறிந்தான். ஒரு கோடை மெக்சிகோவில் எறிந்து, வயிற்றுப்போக்கோடு திரும்பி வந்தான். மற்றக் குளிர்காலங்களில் சொந்த ஊர் ஆலையில் மூட்டை தூக்கினான்.

அவன் பந்தில் வேகம் கிடையாது. பேட்டருக்குக் கிட்டே வந்ததும் பந்து சட்டென்று கீழே இறங்கும். அடித்தால் தரையில் உருளும், அவ்வளவுதான். ஆனால் பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிற கேட்சர் கையுறையை எங்கே வைக்கிறானோ அங்கேதான் பந்து போய் விழும். இரண்டு விரல் அகலம்கூடத் தப்பாது. அந்த ஒன்றை வைத்துத்தான் பெரிய லீக்குக்கு ஒரே ஒரு படி கீழே ஏழு வருடம் நின்றான். அந்தக் கடைசிப் படியை மட்டும் யாரும் அவனை ஏறச் சொல்லவில்லை.

1977ஆம் வருடம் அவர்கள் கான்சஸில், ஹார்லன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் இருந்தார்கள். அவனுக்கு வயது முப்பத்து மூன்று. அணியில் இருபத்திரண்டு வயதுப் பையன்கள் அவனைப் "பெருசு" என்று கூப்பிட்டார்கள். அவனைவிட ஒரு வயது மூத்தவன் அங்கே ஒருவன்தான், கேட்சர் ஹோலிஸ் டுப்ரே. லூசியானாக்காரன். நான்கு வருடமாக டெல்மார் எறிவதைப் பிடித்து வந்தவன்.

டெல்மாருக்கு முழங்கையில் கோளாறு இருந்தது. அது ஹோலிஸுக்கும் வெர்னாவுக்கும் மட்டும்தான் தெரியும். கை வலிக்கிறது என்று மேனேஜர் காதில் விழுந்தால் மறுநாளே சீட்டுக் கிழியும். அதனால் டெல்மார் தோளைக் குலுக்க ஆரம்பித்ததும் ஹோலிஸ் கண்ணில் மண் விழுந்தது என்பான். கால் கவசத்தின் வார் அறுந்தது என்பான். அம்பயரிடம் அவருடைய மகள் கல்யாணத்தைப் பற்றி விசாரிப்பான். அந்த இரண்டு நிமிடத்தில் டெல்மாரின் கை ஆறிவிடும்.

"உன் கையாலதான்டா நான் கண்ணுல மண்ணள்ளிப் போட்டுட்டுத் திரியறேன். குருடாப் போனா உன் வீட்டுலதான் சோறு," என்று ஹோலிஸ் சொல்வான்.

"எங்க வீட்டுச் சோத்தத் தின்னா கண்ணு மட்டுமா போகும்?" என்பான் டெல்மார். வெர்னா கையில் இருப்பதை இருவர் மேலும் வீசுவாள். திங்கள்கிழமைகளில் ஹோலிஸின் மனைவி ஓடெட் சிவப்புப் பீன்ஸ் வேகவைத்து, நாலு பேரும் ஒரே பானையிலிருந்து தின்பார்கள்.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் செய்தி பரவியது. மேலே, பெரிய லீக்கில், டெட்ராய்ட் அணிக்குப் பந்தெறிய ஒரு பிட்சர் வேண்டும். யாரை எடுப்பது என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு ஒரு ஆள் வருகிறான். சனிக்கிழமை முழுக்க டெல்மார் உட்காரவில்லை. சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தான். ஷூவின் ஆணிகளைக் கழற்றி, மறுபடி மாட்டினான். ஞாயிறு காலை அவன் கிளம்பும்போது வெர்னா அவன் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னிக்கு ஒரு நாள், உனக்காக எறி டெல். வேற எதையும் நெனைக்காத."

"சரி," என்றான். அந்தச் சொல்லை அவள் பின்னால் எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது.

வைக்கோல் தொப்பி போட்ட அந்த ஆள் கேட்சருக்குப் பின்னால், ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். மூன்றாவது இன்னிங்ஸில் ஹோலிஸ் பந்தை வேலிக்கு வெளியே அடித்தான். அடித்துவிட்டு ஓடாமல், போகிற பந்தை நின்று ரசித்தான். எதிரணிக்கு அது அவமானம். அதுதான் வினை. ஆறாவது இன்னிங்ஸில் அவன் மறுபடி வந்து நின்றபோது எதிரணியின் நெட்டைப் பிட்சர் நேராக அவன் உடம்பைப் பார்த்து எறிந்தான். ஹோலிஸ் திரும்புவதற்குள் பந்து பேட்டைப் பிடித்திருந்த வலது கையில் பட்டது. கட்டை உடையும் சத்தம் பார்வையாளர் வரிசை வரைக்கும் கேட்டது. பேட் உடையவில்லை.

அம்பயர் நடுவில் வந்து இரண்டு பக்கத்தையும் எச்சரித்தார். இனி யார் ஆளைப் பார்த்து எறிந்தாலும் ஆட்டத்தைவிட்டு வெளியே.

வெர்னாவுக்குப் பக்கத்தில் ஓடெட் எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிவிட்டாள். அதற்குள் ஒலிபெருக்கியில் டெல்மார் பெயர் கேட்டது. அடுத்த இன்னிங்ஸ் அவன் எறிகிறான். ஓடெட் நின்றாள்.

"உன் வீட்டுக்காரரு வர்றாரு. இரு, இதப் பாத்துட்டுப் போறேன்," என்று மறுபடி உட்கார்ந்தாள்.

எதைப் பார்க்க என்று வெர்னா கேட்கவில்லை. பிட்சர்களின் மனைவிகளுக்கு அது தெரியும். எந்தப் புத்தகத்திலும் எழுதாத வழக்கம் அது. நம் ஆளை அவர்கள் அடித்தால், நம் பிட்சர் அவர்களுடைய நல்ல பேட்டரை அடிக்க வேண்டும். தலையில் இல்லை. விலாவில், இல்லாவிட்டால் தொடையில். அடிபட்டவன் தேய்த்துக்கொள்ளாமல், அடிக்கு ஈடாகக் கிடைக்கும் முதல் பேஸுக்கு நடந்து போவான். அத்தோடு விவகாரம் முடிந்தது. அடிக்காத பிட்சருக்குப் பின்னால் நின்று யாரும் மனதோடு ஆடமாட்டார்கள்.

மேனேஜர் லாயிட் பந்தெறியும் மேட்டுக்கு வந்து பந்தை டெல்மார் கையில் வைத்தார். அங்கே நடந்த பேச்சை டெல்மார் பிறகு வெர்னாவிடம் சொன்னான்.

"அவங்கள்ல மொதல்ல அடிக்க வர்றது யாருன்னு தெரியும்ல?"

"தெரியும். கட்ஷா."

"நல்லா அடிக்கிறவன். நான் வேற ஒண்ணும் சொல்லல."

"நீங்க சொல்லவே வேண்டாம்."

கட்ஷா வந்து நின்றான். அவனுக்கும் எல்லாம் தெரியும். முதுகை லேசாகத் திருப்பி, வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றான். ஹோலிஸ் இடத்தில் உட்கார்ந்திருந்த புதுக் கேட்சர் தொடையில் கட்டைவிரலைப் பேட்டர் பக்கமாகச் சுண்டினான், ஆளை அடி என்ற சைகை. டெல்மார் தலையை ஆட்டி மறுத்தான். கேட்சர் மறுபடி சுண்டினான். மறுபடி மறுத்தான். பிறகு எறிந்தான். பந்து கட்ஷாவுக்கு எட்டாத மூலையில், முழங்கால் உயரத்தில் போய் விழுந்தது.

ஸ்ட்ரைக். இப்படி மூன்று விழுந்தால் பேட்டர் அவுட். கட்ஷா திரும்பி மேட்டைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்தது நன்றி இல்லை.

இரண்டாவது ஸ்ட்ரைக் வந்ததும் ஓடெட் எழுந்தாள். வெர்னாவைப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். வெர்னாவின் மனசு பாதி அவள் பின்னால் போனது. மீதிப் பாதி வைக்கோல் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் மடியில் வைத்திருந்த அட்டையில் எதையோ எழுதினான். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த நேரத்தில் வந்த சந்தோஷத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

டெல்மார் மூன்று இன்னிங்ஸ் எறிந்தான். ஒன்பது பேட்டர், ஒன்பது பேரும் அவுட். உடை மாற்றும் அறையில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லையாம். கடைசியில் இரண்டாவது பேஸ் பையன் மட்டும் சோப்பை எடுத்துக்கொண்டு குளிக்கப் போகும்போது சொன்னானாம்: "சூப்பர் பெருசு. அத்தன பந்துல ஒண்ணு கூடத் தப்பி ஆளு மேல படல பாரு!"

செவ்வாய்க்கிழமை அழைப்பு வந்தது.

டெட்ராய்ட்டில் பதினெட்டு நாள். ஐந்து ஆட்டம். அங்கே மைதானத்துப் புல் கம்பளம்போல இருந்தது. உடுப்பைத் துவைத்து மடித்து வைக்க ஆள் இருந்தது. வெர்னா தன் அக்காவுக்குப் போன் போட்டு அழுதாள். ஆனால் டெல்மார் ஓட்டல் அறையில் கட்டிலில் படுக்காமல் ஜன்னலோரம் நின்றான். ஐந்தாவது ஆட்டத்தில் அடுத்தடுத்து நாலு பேர் அடித்துத் துவைத்தார்கள். முழங்கை வலித்த நேரத்தில் கண்ணில் மண் விழுகிற கேட்சர் அங்கே இல்லை. மறுநாள் கீழே அனுப்பினார்கள்.

ஹார்லன் ஸ்பிரிங்ஸுக்குத் திரும்பியபோது டுப்ரே வீடு காலியாக இருந்தது. ஹோலிஸுக்கு மூன்று விரல் எலும்பு நொறுங்கியிருந்தது. எறிகிற கை. அணி அவனை விடுவித்துவிட்டது. கட்ஷாவை அடித்திருந்தாலும் அந்த விரல்கள் ஒட்டியிருக்காது. வெர்னா இதை டெல்மாரிடம் பல விதமாகச் சொல்லிப் பார்த்தாள்.

"ஒரு ஆள அடிக்காம விட்டதுக்கா இப்படித் தவிக்கிறாரு?" என்று அக்கா கேட்டாள். "சர்ச்சுல சொன்னா கையத் தட்டுவாங்கடி."

"கட்ஷா மேல எரக்கப்பட்டு விட்டிருந்தா சரிதான் அக்கா," என்றாள் வெர்னா. காலரைப் பிடித்தது தன் கை என்பதை மட்டும் சொல்லவில்லை.

டெல்மார் நாலு கடிதம் எழுதிக் கிழித்தான். எழுதி என்ன? மன்னிப்பு என்ற சொல்லுக்கு அந்த ஆட்டத்தில் இடம் கிடையாது. பந்துக்குப் பந்துதான்.

இரண்டு வருடம் கழித்து, ஸ்போகேனில் எறிந்துகொண்டிருந்தான். இன்னும் ஒரு படி கீழே இறங்கியிருந்த அணி. ஜூலையில் வந்த எதிரணியின் ஆட்டக்காரர் பட்டியலை அவன் இரண்டு தடவை படித்தான். கட்ஷா. அவனுக்கும் வயதாகி, அவனும் இறங்கிக்கொண்டிருந்தான். டெல்மார் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. வெர்னா புரிந்துகொண்டாள். இந்தத் தடவை காலரைப் பிடிக்கவில்லை.

எட்டாவது இன்னிங்ஸ், ஆறு ஓட்டம் முன்னிலை, யாரும் யாரையும் அடிக்க ஒரு காரணமும் இல்லை. கேட்சர் வெளியோரமாகக் கையுறையை வைத்தான். டெல்மார் அதைப் பார்க்கவே இல்லை. கட்ஷாவின் விலாவைப் பார்த்துத் தன் பலமெல்லாம் சேர்த்து எறிந்தான். வாழ்நாள் முழுக்க இரண்டு விரல் அகலம் தப்பாத பந்து அரை கஜம் தப்பி, கட்ஷாவின் முதுகுக்குப் பின்னால் போய், வலைக்கம்பியில் மோதியது.

கட்ஷா பேட்டைக் கீழே போட்டுவிட்டு மேட்டைப் பார்த்து நடந்தான். "யோவ் கிழவா, எதுக்குய்யா? நான் என்ன பண்ணேன் உன்ன?"

"ஹார்லன் ஸ்பிரிங்ஸ்," என்றான் டெல்மார்.

"அது எங்க இருக்கு?"

அதற்குள் அம்பயர் டெல்மாரை வெளியே போகச் சொல்லிக் கையை வீசிவிட்டார். அந்த வாரக் கடைசியில் அணியும் அவனை அனுப்பிவிட்டது. பதினேழு வருடம், பதிமூன்று அணி, அத்துடன் சரி.

ஆனால் அன்று மைதானத்தைவிட்டு வந்ததும் அவன் செய்த முதல் வேலை, மைதான வாசல் போனில் லூசியானா எண்ணைச் சுழற்றியதுதான். யாரோ எடுத்தார்கள். டெல்மார் ரிசீவரை வெர்னா கையில் திணித்துவிட்டுத் தள்ளி நின்றான்.

"யாரு?" என்றது ஓடெட்டின் குரல்.

"வெர்னா. ஸ்போகேன்லேருந்து. ஓடெட், இன்னிக்குக் கட்ஷா வந்தான். டெல் அவன் மேல எறிஞ்சாரு."

பின்னால் ரேடியோ ஓடுவது மட்டும் கேட்டது.

"பட்டுதா?"

வெர்னா டெல்மாரைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பட்டது என்று ஒரு சொல் சொல்லிவிடலாம். லூசியானாவிலிருந்து யார் வந்து விசாரிக்கப்போகிறார்கள்? சொல்ல நாக்கு எழுந்தது.

"இல்ல. பின்னாடி போயிடுச்சு."

"ஓ," என்றாள் ஓடெட். கோபம் இல்லை. "ஹோலிஸ் மீன்பிடிப் படகுக்குப் போயிருக்காரு. வந்தா என்னன்னு சொல்லட்டும்?"

வெர்னா ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு கேட்டாள். "டெல், என்னன்னு சொல்லணுமாம்?"

"அந்தப் பந்த இன்னும் தரலன்னு சொல்லு."

அவள் அதை அப்படியே சொன்னாள். "சரி, சொல்றேன்," என்று ஓடெட் போனை வைத்தாள்.

அதற்குப் பிறகு டெல்மார் பதினொரு வருடம் உயிரோடு இருந்தான். எல்லா வருடமும் ஆலையில்தான் வேலை. கட்ஷா அதே கோடையோடு ஆட்டத்தை விட்டுவிட்டதாகச் செய்தித்தாளின் ஓரத்தில் இரண்டு வரி வந்தது. எறிவதற்கு இனி ஆளும் இல்லை, மேடும் இல்லை. டெல்மாரை அடக்கம் செய்த அன்று ஹோலிஸ் லூசியானாவிலிருந்து பஸ்ஸில் வந்தான். மூன்று விரல்கள் மடங்காத கையால் பெட்டியின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினான். குழிக்கரையில் வெர்னா அவனிடம் எதையோ சொல்ல வாயெடுத்தாள்.

"வேண்டாம் வெர்னா," என்றான். "அது எனக்கும் அவனுக்கும். அவன்தான் தரணும்."

மண்ணைத் தள்ளினார்கள். அவன் தரவில்லை.