அடுத்த மிஷின் யாருக்கு?

இரும்பு மாதிரி இறுகிய செங்கால் மரத்தில் ஆணி இறக்குவதைக்கூடத் தச்சு வேலையில் கற்றுக்கொண்டுவிடலாம். அடுத்து எந்த மிஷினை வாங்குவது என்று முடிவெடுக்க மட்டும் எந்த ஆசாரியும் கற்றுக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. கையில் உளியும் மனசில் மோட்டாருமாகத் திரிந்த சக பாவிகளே, இது உங்களுக்காக எழுதுவது. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், வருத்தமில்லை.

மலாயா நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று மலாக்கா முழுக்கப் பேசிக்கொண்டிருந்த காலம். ஊருக்குள் காஜா பேராங் பகுதியில் நானும் என் மனைவி தனபாக்கியத்தின் அண்ணன் ரெங்கசாமியும் சேர்ந்து ஒரு பட்டறை வைத்திருந்தோம். மரம் அறுப்பது மச்சான் வேலை. அறுத்ததை இழைத்து வழவழப்பாக்குவது என் வேலை. இரண்டுமே கையால் செய்வதுதான். எங்களிடம் இருந்த ஒரே மின்சாரச் சாமான், புதிதாக வாங்கிய ஒரு டிரில். வினை அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

காற்றோட்டம்

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். எங்களுக்கு டிரில் வந்ததும் நாங்கள் கண்ட இடத்திலெல்லாம் துளை போட்டோம். அலமாரிக்கு முதுகில் துளை, அஞ்சறைப் பெட்டிக்கு மூடியில் துளை. கோப்பிக்கடைக்காரர் தன் இடுப்பு வாரைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு துளை போதும் என்றுதான் சொன்னார். மச்சான் அதன் கடைசி வரைக்கும் வரிசையாகப் போட்டுக் கொடுத்து, "எவ்வளவு மெலிஞ்சாலும் கவலையில்ல" என்று ஆசீர்வாதமும் செய்து அனுப்பினார்.

அந்தச் சமயத்தில் தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஒருவர் சாய்வு நாற்காலி செய்யச் சொல்லியிருந்தார். மலாக்கா வெயிலுக்குப் பலகையில் உட்கார்ந்தால் வேர்க்குமே என்று மச்சானுக்குக் கருணை பிறந்துவிட்டது. நான் வார்னிஷ் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் உட்காரும் பலகை முழுக்கத் துளை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. வாத்தியார் உட்கார்ந்து பார்த்தார், எழுந்தார், கையைப் பின்னால் விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"நாற்காலிதான் கேட்டேன் ஆசாரி. நீங்க இடியாப்ப அச்சு செஞ்சு வச்சிருக்கீங்க."

சந்தனக் காப்பு

ஆயுத பூஜை வந்தது. வழக்கமாக உளி, ரம்பம், இழைப்புளி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இட்டுப் படைப்போம். அந்த வருஷம் டிரில்தான் நடு நாயகம். என்ன இருந்தாலும் புது மருமகள் மாதிரி அல்லவா? மச்சான் அதற்குத் தனியாக ஒரு பலகை போட்டு, பட்டுத் துண்டு விரித்து, மாலை போட்டார். கழுவலாமா என்று கேட்டார். மின்சாரச் சாமான், வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். அந்த மட்டில் எனக்கு அறிவு இருந்தது என்று பெருமைப்பட்டுக்கொண்டு சர்க்கரைப் பொங்கல் சாப்பிடப் போய்விட்டேன்.

டிரிலின் இரண்டு பக்கமும் மோட்டாருக்குக் காற்றுப் போகச் சின்னச் சின்னத் துவாரங்கள் இருக்கும். மச்சானுக்கு அவை பொட்டு வைப்பதற்கென்றே விட்ட இடமாகத் தெரிந்திருக்கின்றன. ஒன்று விடாமல் சந்தனத்தைக் குழைத்து அப்பி, மேலே கொஞ்சம் பாலும் தெளித்துவிட்டார். மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்துச் சுவிட்சைப் போட்டோம். முதலில் கோயில் வாசனை வந்தது. அப்புறம் சுடுகாட்டு வாசனை வந்தது.

டிரிலைத் துண்டில் பொதிந்து, அதை விற்ற சீன முதலாளி தவுக்கேயின் கடைக்கே எடுத்துக்கொண்டு ஓடினோம். அவர் அதைத் திறந்தார். உள்ளே இருந்த சந்தனத்தை ஒரு குச்சியால் சுரண்டி எடுத்து முகர்ந்து பார்த்தார். எங்கள் நெற்றியைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. கடைவீதி மலாயில் அவர் சொன்னதற்குத் தமிழ் இதுதான்:

"உங்க சாமிக்கு நீங்க அலங்காரம் பண்ணுங்க. இதுக்கு நான் பண்ணிக்கிறேன்."

விட்டுக்கொடுத்தல்

டிரில் பிழைத்துக்கொண்டது. அடுத்து ஒரு மிஷின் வாங்கலாம் என்று கையில் கொஞ்சம் சேர்ந்ததும் பெரிய சிக்கல் தொடங்கியது. ஒன்றுதான் வாங்க முடியும். மின்சார ரம்பம் வாங்கினால் மச்சானுக்கு நிம்மதி. மின்சார இழைப்பு மிஷின் வாங்கினால் எனக்கு நிம்மதி. இழைத்து இழைத்து என் வலது தோள் போயிருந்தது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் குழம்பு முழங்கைக்கு வந்துவிடும். மச்சான் தன் உடம்பைப் பற்றி வாயே திறக்கமாட்டார். காலையில் சைக்கிளில் ஏறும்போது மட்டும் "பிள்ளையாரப்பா!" என்பார். பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேறு இரண்டு பேராக இருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்திருப்பார்கள். நாங்களோ மாமன் மச்சான். பெண் கொடுத்தவர் மாப்பிள்ளைக்கு விட்டுக்கொடுக்க வேண்டும், அது முறை. வயதில் மூத்தவருக்கு இளையவன் விட்டுக்கொடுக்க வேண்டும், அதுவும் முறை. தவுக்கே கடையில் நின்றுகொண்டு "மாப்ளே, உங்களுக்கு இழைப்பு மிஷினே வாங்குவோம்" என்பார் அவர். "சேச்சே, உங்களுக்கு ரம்பம்தான் மச்சான்" என்பேன் நான். அவர் ஒரு தடவை சரியென்று தலையாட்டியிருந்தால் எனக்குப் பொல்லாத கோபம் வந்திருக்கும். அவருக்கும் அப்படித்தான். ஆகவே இருவரும் தலையாட்டாமல், வெறுங்கையோடு, பரஸ்பர மரியாதையோடு வீடு திரும்புவோம். மறுவாரமும் போவோம். கடைசியில் தவுக்கே பொறுமை இழந்து இரண்டு மிஷினையும் மேஜைக்கு அடியில் தள்ளினார்.

"முதல்ல வெளியில போய் நல்லா சண்டை போட்டுட்டு வாங்க. அப்புறம் விக்கிறேன்."

வெள்ளோட்டம்

ஓட்டிப் பார்த்தால் மனசு தெளியும் என்று தவுக்கேயே ஒருநாள் இரண்டு மிஷினையும் பட்டறைக்குக் கொண்டுவந்தார். எங்கள் பட்டறைக்குத் தனி மீட்டர் கிடையாது. பக்கத்து வீட்டு நல்லதம்பி பிள்ளை வீட்டிலிருந்து கம்பி இழுத்திருந்தோம். அவர் பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய செட்டிகளின் கிராமமான கம்போங் செட்டியைச் சேர்ந்தவர். பெயர் சுத்தமான தமிழ்ப் பெயர், வீட்டில் பேசுவது மலாய். சாமி கும்பிடும்போது தமிழ் வார்த்தை வரும், எங்களைத் திட்டும்போது வராது. என்னை அவர் கூப்பிடுவது 'துக்காங்'. மலாயில் கைவேலைக்காரனுக்கு அதுதான் பெயர்.

அது எல்லோரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்த காலம் என்பதை மறந்துவிட்டோம். பிள்ளை வீட்டில் அக்கம்பக்கத்தார் கூடியிருந்தார்கள். ரேடியோவில் யாரோ ஒரு பெரியவர் குரலை உயர்த்தி, மெர்டேக்கா, அதாவது சுதந்திரம் என்று தொடங்கி, ஏதோ முக்கியமாகச் சொல்லப்போகிறார். இந்தப் பக்கம் மச்சான் ரம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் இழைப்பு மிஷினைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். யார் முதலில் போடுவது? "நீங்க போடுங்க மாப்ளே", "நீங்க போடுங்க மச்சான்" என்று கொஞ்ச நேரம் ஓடியது. கடைசியில் மரியாதையின் உச்சத்தில் இருவரும் ஒரே நேரத்தில் போட்டோம். டப் என்று ஒரு சத்தம். மிஷின் நின்றது, விளக்கு அணைந்தது, ரேடியோ வாயடைத்தது. சாரோங்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பிள்ளை ஓடிவந்தார். முகத்தைப் பார்த்து நான் தவுக்கேக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் மலாயில் கத்தியதற்குத் தமிழ் இது:

"மெர்டேக்கா உண்டா இல்லையா, அதை மட்டும் நீ சொல்லிடு துக்காங்!"

பிள்ளையார் விட்ட வழி

இனி மனுஷனால் ஆகாது, பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றாள் தனபாக்கியம். வெள்ளிக்கிழமை மூவரும் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் உள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். சிவப்பு அரளி வந்தால் ரம்பம், வெள்ளை நந்தியாவட்டை வந்தால் இழைப்பு. பொட்டலங்களைச் சந்நிதியில் வைத்துக் கும்பிட்டோம். குருக்கள் ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை! என் தோளில் யாரோ தைலம் தடவியது போல இருந்தது. மச்சான் முகம் ஒரு கணம் சுருங்கியது, உடனே மலர்ந்தது. "ரொம்ப சந்தோஷம் மாப்ளே" என்றார். வாசலுக்கு வந்து செருப்பை மாட்டக் குனிந்தார். குனிந்தவர் குனிந்தவர்தான். நிமிரவே இல்லை.

"ஒண்ணுமில்ல, பிள்ளையாரப்பா, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே அப்படியே நடக்க ஆரம்பித்தார். அதே தெருவில்தான் பள்ளிவாசல். தொழுகை முடிந்து வந்துகொண்டிருந்த துணிக்கடை ராவுத்தர், தனக்குத்தான் இந்த மரியாதை என்று நினைத்துப் பதறிப்போய், "ஏன் ஆசாரி இதெல்லாம்?" என்று தானும் குனிந்தார். பின்னால் வந்தவர்கள் என்ன ஏது என்று தெரியாமல் அவர்களும் குனிந்தார்கள். ஒருவழியாகத் திரிஷா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவைப் பிடித்து ஏற்றினோம். உட்கார்ந்ததும் மச்சான் ராஜா மாதிரி இருந்தார். வீட்டு வாசலில் இறங்கியதும் மறுபடியும் மடங்கிப்போனார். வழியெல்லாம் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்த எனக்கு அப்போது அழுகையே வந்துவிட்டது. அந்த முதுகை வைத்துக்கொண்டா இந்த மனுஷன் செங்கால் மரம் அறுத்தார்! "ரம்பமே வாங்கிடுவோம்" என்றேன். முறைக்காகச் சொல்லவில்லை, மனசாரச் சொன்னேன். ஆனால் சாமி வெள்ளைப் பூவைக் கொடுத்துவிட்டதே என்று மச்சான் தரையைப் பார்த்தபடியே மறுத்தார். தனபாக்கியம் தைலத்தைச் சூடு பண்ணிக்கொண்டே தீர்ப்பு சொன்னாள்:

"சாமி பூவுல சொன்னது கோயிலோட சரிண்ணே. உன் முதுகுல சொன்னதுதான் வீட்டுக்கு."

மெர்டேக்கா

ரம்பம் வந்தது. பிள்ளையோடு ஓர் உடன்பாடும் வந்தது. ரேடியோவில் செய்தி ஓடும்போது அவர் ஜன்னலில் ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிடுவார், நாங்கள் மிஷினைத் தொடமாட்டோம். அதே சமயத்தில் ஊரில் யாரைப் பார்த்தாலும் கொடிக்கம்பம் கேட்டார்கள். வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை, கொடிக்கம்பம். கோப்பிக்கடைக்காரர்கூடக் கேட்டார், துளை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு.

இங்கேதான், நண்பர்களே, நாங்கள் யோசிக்காமல் விட்ட விஷயம் தலைகாட்டியது. முன்பெல்லாம் மச்சான் நாள் முழுக்க அறுப்பார், நான் நாள் முழுக்க இழைப்பேன், சரியாக இருக்கும். இப்போது அவர் பசியாறிவிட்டு வந்து மிஷினைப் போட்டால், வெயில் ஏறுவதற்குள் வாரத்துக்கு உண்டான மரம் அறுபட்டுக் கிடக்கும். மீதிப் பொழுதுக்கு அவர் கோப்பியும் பத்திரிகையுமாக உட்கார்ந்துவிடுவார். முதுகு தேக்குமரம் மாதிரி நிமிர்ந்துவிட்டது. அறுத்ததெல்லாம் என் முன்னால் மலையாகக் குவியும். கொடிக்கம்பம் என்றால் சும்மா இழைத்தால் போதாது, சுற்றிச் சுற்றி இழைத்து உருண்டையாக்க வேண்டும். முழங்கால் வரைக்கும் மரச்சுருளில் நின்றுகொண்டு நான் இழைத்தேன். "அப்படி என்ன அவசரம், மெதுவா இழைங்க மாப்ளே" என்று பத்திரிகைக்கு மேலிருந்து அன்பாகச் சொல்லிவிட்டு, இன்னொரு கட்டையை எடுத்து அறுப்பார்.

அந்த நாளும் வந்தது. பாடாங் மைதானத்தில் கூட்டம் அலைமோதியது. நாங்கள் செய்த கம்பங்களில் கொடிகள் பறந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பிள்ளை, தவுக்கே, வாத்தியார், ராவுத்தர், எல்லோரும் ஒரு பக்கமாக நின்றிருந்தோம். "மெர்டேக்கா!" என்று ஊரே கையை உயர்த்தியது. நானும் உயர்த்தினேன். என் வலது கை மார்பு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அடுத்த முழக்கத்துக்கும் அதே உயரம். மூன்றாவது முழக்கத்தில் மச்சான் திரும்பிப் பார்த்துவிட்டார். அவர் சிரிப்பு அப்படியே அடங்கியது. தன் கையைக் கீழே இறக்கி, என் முழங்கையைப் பிடித்து, மெதுவாக மேலே தூக்கி நிறுத்திக்கொண்டு காதோடு சொன்னார்:

"நாடே கையத் தூக்குது, உங்க கை ஏற மாட்டேங்குதே மாப்ளே. அடுத்த மிஷின் உங்களுக்குத்தான்."

பழக்கதோஷத்தில் "சேச்சே, எனக்கெதுக்கு மச்சான்?" என்று நான் சொல்லித் தொலைத்ததால், நாட்டுக்கு அன்றைக்கே கிடைத்த சுதந்திரம் என் தோளுக்குக் கிடைக்க அடுத்த தீபாவளி வரைக்கும் ஆயிற்று.