மணமகள் அறை வகுப்பு

செம்பாக்கத்தில் எங்கள் சமுதாயக் கல்லூரி தொடங்கியபோது முதல் கரும்பலகையை மணமேடையின் மேல்தான் நிறுத்தினோம். அது ஒரு கல்யாண மண்டபம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பள்ளியோடு படிப்பை விட்ட பெண்களுக்குத் தையலும் நர்சிங் உதவியாளர் பயிற்சியும் கொடுத்தோம். மேடையில் தையல், சாப்பாட்டுக் கூடத்தில் நர்சிங். மணமகள் அறையில் நான் ஆங்கிலம் நடத்தினேன். அந்த அறைச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. யாரும் அதைக் கழற்றவில்லை. பலகையில் எழுதிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தால், வகுப்பில் ஒருத்தி கூடுதலாக உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றும்.

மண்டபத்தைக் கட்டியவரை எல்லோரும் ஓனர் என்றுதான் அழைத்தோம். ஏரித் தண்ணீரில் நெல் விளைவித்த குடும்பம். நிலத்தை மனை போட்டு விற்ற பணத்தில் கட்டியது. அதில் நடக்கவிருந்த முதல் கல்யாணம் அவருடைய ஒரே மகளுடையது. ப்ளஸ் டூ முடித்துத் தாம்பரத்தில் காலேஜ் சேர வேண்டும் என்று கேட்டவளுக்கு அவர் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். முகூர்த்தத்துக்கு அழைக்கப் போனபோது அறை காலி. பின்கதவு திறந்து கிடந்தது. ஏரியில் ஆள் இறக்கித் தேடினார்கள். ரயில் பாதை ஓரமாகவும் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அங்கே வேறு யார் கல்யாணத்தையும் அவர் நடக்க விடவில்லை. பல வருஷம் பூட்டிக் கிடந்ததை, வாடகை வேண்டாம் என்று எங்களிடம் கொடுத்தார். அந்தப் பின்கதவை மட்டும் பூட்டக் கூடாது என்றார்.

தினமும் வகுப்பு விடும் நேரத்துக்கு வந்து வேப்பமரத்தடியில் நின்று, வெளியே வரும் பெண்களை முகம் முகமாகப் பார்ப்பார். முதலில் அவர்கள் பயந்தார்கள். கதை தெரிந்தபின், நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுபோல் மெல்ல நடந்தார்கள்.

ஒரு மத்தியானம் அவர் கூடுவாஞ்சேரி போயிருந்தார். முப்பதை நெருங்கும் பெண் ஒருத்தி பின்கதவு வழியாக உள்ளே வந்தாள். பெஞ்சுகளைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். கண்ணாடிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. உட்காரச் சொன்னேன். நின்றபடியே, தான் படித்து ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருப்பதாகச் சொன்னாள். அப்பா வந்துவிடுவார், இருங்கள் என்றேன்.

"வேணாம் மிஸ். அவரைப் பார்த்துட்டா என்னால திரும்பிப் போக முடியாது."

வந்த வழியே போய்விட்டாள்.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். எந்தப் பக்கம் போனாள் என்று பதறுவார் என நினைத்தேன். அவர் பின்கதவைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"பொண்ணு நல்லா கீதா? படிச்சிச்சா?"

டீச்சராக இருப்பதைச் சொன்னேன். தலையாட்டினார்.

"இனிமே அந்தக் கதவ மூடிக்கங்க மிஸ். கொசு வருது."

மரத்தடிக்கு அவர் அப்புறம் வரவில்லை. அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனார். சொந்தக்காரர்கள் மண்டபத்தை விற்றார்கள். கல்லூரி ஜி.எஸ்.டி. சாலையில் சொந்தக் கட்டடத்துக்குப் போனது. பழைய இடத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு. மாடிகளில் துணி காய்கிறது. அவள் எந்த ஊர் என்று அன்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். அவர் போன செய்தியை அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? இப்போதும் எங்கோ ஓர் ஊரில் இருந்துகொண்டு, இல்லாத மனிதருக்குப் பயந்து இந்தப் பக்கம் வராமலே இருக்கிறாளோ என்னவோ.