ஒரு புள்ளிக்கு மூன்று நாள்

கண்டியில் நான் வேலை செய்யும் அலுவலகம் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவுகிறது. அதன் இணையத்தளத்தில் தமிழ்ப் பக்கம் என் பொறுப்பு. பொறுப்பு என்றுதான் பேர். ஓர் எழுத்தைக்கூட என் கையால் மாற்ற முடியாது. எழுதிக் கொழும்புக்கு மின்னஞ்சலில் அனுப்புவேன். தளத்தைச் செய்து தந்தவர் அதை ஏற்றுவார். நல்ல மனிதர், ஆனால் தமிழ் வாசிக்கத் தெரியாது.

ஒருமுறை அவர் ஏற்றியபோது தலைப்பில் ஒரு புள்ளி உதிர்ந்துவிட்டது. ‘கல்வி உதவி’ என்று நான் எழுதியது ‘கலவி உதவி’ என்று கொட்டை எழுத்தில் நின்றது. வாயால் சொல்லவே கூசும் சொல். புசல்லாவையிலிருந்து ஓர் ஆசிரியை அழைத்தார்.

“என்னங்க மிஸ் இது? இதப் போய் பிள்ளைங்களுக்கு எப்படிங்க காட்டுவேன்?”

எனக்கு மானம் போய்விட்டது. உடனே கொழும்புக்கு அழைத்தேன். “ஒரு தித தானே மிஸ்?” என்றார் அவர், சாவகாசமாக. சிங்களத்தில் தித என்றால் புள்ளி. அந்தத் தித வந்து சேர மூன்று நாள் ஆனது. அதற்குள் முகாமையாளர் என்னைக் கூப்பிட்டு, இனி ஒரு பிழை வந்தால் தமிழ்ப் பக்கத்தையே எடுத்துவிடுவோம், ஆங்கிலம் போதும் என்றார். கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

“திருத்துற வசதிய என் கையில தாங்க சேர். அப்புறம் பேசுவோம்.”

முகாமையாளர் ஒத்துக்கொண்டார். கொழும்புக்காரரே தளத்தைப் புதிய முறைக்கு மாற்றித் தந்தார். ‘உள்ளடக்க முகாமைத்துவ முறைமை’ என்று அதற்கு வாய் நிறையப் பேர் உண்டு. நாங்கள் சிஎம்எஸ் என்போம். கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போனால், கடிதம் தட்டச்சு செய்வது மாதிரிதான். எழுதிவிட்டு ‘வெளியிடு’ என்பதை அழுத்த வேண்டும். கெடுத்துவிட்டாலும் பழையதை மீட்கலாம். இதற்கா இத்தனை நாள் கெஞ்சினேன் என்று ஆத்திரமாக வந்தது.

அடுத்த மாதம் விண்ணப்ப அறிவித்தலை நானே ஏற்றினேன். மஹய்யாவையில் இருக்கும் என் வீட்டுக்குப் போக பஸ்ஸில் உட்கார்ந்து, போனில் திறந்து பார்த்தால் அதே இடத்தில் அதே ‘கலவி’! இந்த முறை கொழும்பைத் திட்ட வழியில்லை. புள்ளியை விழுங்கியது என் விரல்தான். போனிலேயே உள்ளே போய்ப் புள்ளியை வைத்து, ‘வெளியிடு’ என்பதை அழுத்தினேன். பஸ் இன்னும் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று கத்தலாம் போலிருந்தது; பக்கத்து சீட்காரரைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை அந்தப் புசல்லாவை ஆசிரியை அழைத்தார். மறுபடியும் புள்ளியோ என்று பயந்துகொண்டே பேசினேன்.

“பக்கத்தப் பார்த்தீங்களா டீச்சர்?”

“பார்த்தேங்க மிஸ். இப்பதான் வகுப்புல போட்டுக் காட்டி, எல்லாரையும் சத்தமா வாசிக்க வச்சேன்.”