கடையிலேயே மாட்டிப் பார்த்தோம்

என் மனைவிக்குக் கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அதன்பின் சில நாட்கள் டிவி பார்க்கக் கூடாது என்றார் டாக்டர். பாட்டுதான் அவளுக்குத் துணை. அவளுக்குப் பிடித்த 318 பாடல்களை என் லேப்டாப்பில் சேர்த்து வைத்திருக்கிறேன். அதில் ஓடுவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். படுத்தபடி கேட்க ஒரு சின்ன மியூசிக் பிளேயர் வாங்கப் பரவையிலிருந்து மதுரைக்குக் கிளம்பத் தயாரானோம்.

விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்களே, லினக்ஸில் பாட்டு ஏறாவிட்டால் என்ன செய்வது என்று புலம்பிக்கொண்டே இருந்தேன்.

"பல்பு வாங்குனாக்கூட கடையில எரியவிட்டுப் பாத்துத்தான வாங்குவீக? கம்ப்யூட்டரையும் தூக்கிட்டு வாங்க" என்றவள், அதைத் துண்டில் சுற்றி ஒயர்கூடையில் வைத்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

"கம்ப்யூட்டரோட வந்த மொத ஆளு நீங்கதாண்ணே" என்று கடைக்காரர் சிரித்தார்.

நான் தேர்ந்தெடுத்த பளபளப்பான பிளேயரை மாட்டினோம். மூன்று முறை மாட்டியும் லேப்டாப் திரையில் ஒன்றும் வரவில்லை. கடைக்காரர் அட்டைப்பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்தார். "பாட்டு ஏத்த இதுக்குத் தனி சாஃப்ட்வேர் இருக்காம்ணே. லினக்ஸ்ல ஓடாதாம்."

"பாத்தீகளா தம்பி? இவரு மாட்டிப் பாக்காமலே பில்லு போடச் சொல்லியிருப்பாரு" என்றாள் மனைவி.

அடுத்து ஒரு சாதாரண பிளேயரை மாட்டியதும் பென் டிரைவ் போலத் திறந்துகொண்டது. ஒரு பாட்டை ஏற்றி, இயர்போனை அவள் காதில் வைத்தேன். கண்ணை மூடித் தலையாட்டினாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பொழுதும் பாட்டோடு போகிறது. கணினியில் மாட்டும் எந்தப் பொருளையும் இப்போது கடையிலேயே மாட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறேன். அதற்குத் தனியாகப் போவதும் இல்லை, அவளை அழைத்துக்கொண்டுதான் போகிறேன்.